வெள்ளிக் கெட்டில் கொதித்தது

"இந்த அடுப்பைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடும்மா. எங்க வீட்டுக்கு ஒத்து வராது," என்றார் தலாய்பெக், மூன்றாவது முறையாக.

மகன் வாங்கி அனுப்பிய இண்டக்‌ஷன் அடுப்பைச் சமையலறையில் பொருத்தி முடித்திருந்த கடைப்பெண் மீரிமுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், கரண்ட் என்றாலே பயம் போலிருக்கிறது.

"பயப்படாதீங்க ஐயா, இதுல நெருப்பே கிடையாது. உள்ள இருக்கிற கம்பிச்சுருள் காந்தமா மாறி மாறி, பாத்திரத்துக்குள்ளயே கரண்டை ஓட்டும். பாத்திரம் தானாச் சூடாயிடும்."

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா."

அதற்குள் அவர் மனைவி புருல்கான் தேநீரோடு வந்து இருவருக்கும் அரைக் கிண்ணம் ஊற்றினாள். அந்த ஊர் வழக்கப்படி விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான்; நிறைய ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம்.

"நல்ல அடுப்பு கண்ணு. எங்க கல்யாணத்துக்கு இவர் எனக்குப் போட்ட வெள்ளிக் கெட்டில் இருக்கே, இந்தத் தேநீருக்கு அதுல ரெண்டே நிமிஷத்துல தண்ணி கொதிச்சிடுச்சு."

"வெள்ளியா? இருக்காதும்மா. காந்தம் ஒட்டுற இரும்புதான் இதுல சூடாகும். வெள்ளியை வெச்சா அடுப்பு வேலையே செய்யாது."

சொன்ன பிறகுதான் மீரிம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயாவை யாரோ ஏமாத்தியிருப்பாங்கம்மா. அவருக்கு இந்த விஷயமெல்லாம் எங்க தெரியப்போகுது?"

"அவருக்கா தெரியாது?" என்றாள் புருல்கான். "முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வாத்தியாரு."

பிறகு கணவரின் கிண்ணத்தை எடுத்து, விளிம்பு வரை நிரப்பி அவர் முன்னால் வைத்தாள்.

தலாய்பெக் எழுந்து தொப்பியைத் தேடினார்.