லண்டன் ஜெட்

மூன்றாவது தீக்குச்சியும் அணைந்தது. தீப்பெட்டியும் கையுமாக, இத்தனை கோபத்தில் சுந்தரராமனைப் பூமாரி பார்த்ததில்லை. மூன்று வருடமாக அவள் பாத்திரம் தேய்க்கிற வீடு.

“நாலு பவுன் சங்கிலி! பீரோவிலேருந்து கால் முளைச்சு நடந்து போச்சா?” சிகரெட்டைப் பற்றவைக்காமலே கத்தினார். “இந்த ஆத்துக்குள்ள வர வெளி மனுஷி நீ ஒருத்திதான்.”

“வெளி மனுஷின்னா களவாணியாய்யா? பீரோச் சாவி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

“போலீஸ் சௌக்கியிலே நாலு அறை விட்டா தானா தெரியும்.”

அவர் மனைவி ஷ்யாமளா கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னலோரம் அழுதுகொண்டிருந்தாள். போன வருஷ யுத்தத்தின்போது விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஒட்டியது, இன்னும் உரிக்கவில்லை. “எடுத்திருந்தா கொடுத்துடு பூமாரி. நான் யாரண்டையும் சொல்ல மாட்டேன். எங்கம்மா போட்ட சங்கிலிடி.”

அந்தக் கனிவுதான் பூமாரிக்கு அதிகமாக எரிந்தது. இந்தக் கட்டடத்தில் அவளுக்கு இன்னும் மூன்று வீடு உண்டு. பேச்சு மாடி இறங்கினால் சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விடும். அப்புறம் மாட்டுங்காவில் யார் கதவைத் திறப்பார்கள்?

“முந்தானை முடிச்சை அவுத்தாச்சு. சுருக்குப் பையைக் கொட்டிக் காட்டியாச்சு. இன்னும் என்னத்தத்தான் அவுக்கச் சொல்லுதீங்க?” கையிலிருந்த தூசித் துணியை மேஜைமேல் விட்டெறிந்தாள்.

“ஏய், பாத்து! பசை காயலை!”

மேஜையில் அவருடைய ஜெட் விமானம் நின்றது. ஷ்யாமளாவின் தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்தது. மூக்கு மட்டுமே மூன்று துண்டு. இரண்டு கன்னம், அடியில் சக்கரக் கூடு. ஒன்றை அழுத்தினால் மற்றது விலகும். போன மாதமே முடித்துவிட்டதை, இடுக்குத் தெரிகிறதென்று இன்று காலையில் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார். மூக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட். பசை சிந்தாமலிருக்க அடியில் விரித்திருந்தது ஒரு குதிரை ரேஸ் புத்தகம்.

தினமும் அதைத் துடைப்பவள் பூமாரி. வால் மேஜையில் முட்ட, மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். “இது ஜெட்டா, சோத்துக்கு ஏங்கற நாய்க்குட்டியா?” என்று ஷ்யாமளா கேலி செய்வாள். வாலுக்கடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைப்பது பூமாரியின் வேலை.

பூமாரி விமானத்தைப் பார்த்தாள். சுந்தரராமனின் கையைப் பார்த்தாள். ஒரே எட்டில் போய் விமானத்தைத் தூக்கினாள். முன்பக்கம் கையைக் கீழே இழுத்தது.

“வை அதை!” அவர் குரல் பிசிறியது. “வச்சுட்டு நீ கிளம்பு. போலீஸெல்லாம் வேண்டாம். போனது போகட்டும்.”

ஷ்யாமளாவின் அழுகை நின்றது. “இத்தனை நாழி சௌக்கி சௌக்கின்னு குதிச்சேளே?”

பூமாரி விமானத்தை ஷ்யாமளாவின் காலடியில் வைத்தாள். மூன்று சக்கரத்திலும் அது அழகாக நின்றது.

“தீப்பெட்டிதான் அவுக கையில இருக்கே, அப்புறம் இது மூக்கைத் தூக்காம எப்பிடி நிக்குன்னு ஐயாகிட்ட கேளுங்க, மாமி.”