கமாலுதீனின் மூன்று கார்டுகள்

“இன்னா பாப்பா, கார்டையே மொறைச்சிகினு கீறே? ஒரு கையெழுத்து போட்டா நானும் மெம்பரு,” என்றான் கமாலுதீன்.

உதயா பேனாவை மூடி வைத்தாள். “முதல்ல என்கூட நாலு குழி ஆடுங்க கமால்ணா.”

“அண்ணாத்த வரட்டுமே. அவரு இல்லாம நான் ஆடுனதே இல்ல.”

அண்ணாத்த என்றது அவள் அப்பா தண்டபாணியை. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அப்பா கிரேன் ஓட்டுகிறார். கமாலுதீன் கீழே நின்று அவருக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன். விம்கோ நகரைத் தாண்டி, மூடிப்போன தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தில் ஞாயிறுதோறும் ஆடுகிற கிளப்பில் அப்பா பழைய ஆள். கமாலுதீனைச் சேர்க்கச் சொல்லிக் கூட்டி வந்ததும் அவர்தான்.

சேருகிறவர் மூன்று ஆட்டத்தின் கார்டுகளைத் தர வேண்டும். தன் அடிகளைத் தானே எழுதக் கூடாது. கூட ஆடுகிறவர்தான் எழுத வேண்டும். ஒன்பது குழிக்கும் சேர்த்து முப்பத்தாறு அடிதான் கணக்கு; அதற்கு மேல் சராசரியாக எத்தனை கூடுகிறதோ, அதுதான் அவருடைய ஹேண்டிகேப். போட்டியில் அதைக் கழித்துவிட்டுத்தான் ஜெயித்தது யார் என்று பார்ப்பார்கள். சுமாராக ஆடுகிறவரும் கெட்டிக்காரரோடு மோத முடிவது அதனால்தான். இதையெல்லாம் எழுதி வைக்கிற நோட்டு உதயாவின் பொறுப்பில் இருந்தது.

கமாலுதீன் அறுபத்தொன்று, அறுபது, அறுபத்திரண்டு. ஹேண்டிகேப் இருபத்தைந்து. அதே ஆட்டங்களில் அப்பா நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று. ஐம்பத்தாறு வயதிலும் அப்பாவின் ஆட்டம் அசையவில்லை என்பதில் அவளுக்குப் பெருமை.

கமாலுதீனின் கணக்கை மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டாள். கூட்டல் சரி. ஆள்தான் இடித்தான். அறுபது அடி அடிக்கிறவன் மட்டையை இவ்வளவு லாவகமாகவா பிடிப்பான்? போன வாரம் அப்பா அடிக்கும்போதெல்லாம் இவன் குழியில் நட்ட கொடிப்பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, “யார்டு பழக்கம் பாப்பா,” என்று சிரித்தான்.

நாளைக்கு வருடாந்திரக் கோப்பைப் போட்டி. கிளப் கேப்டன் அன்பரசன் நேற்றே சொல்லிவிட்டார்: “கள்ளக் கார்டு ஒண்ணு உள்ள வந்தா, கூட்டிட்டு வந்தவரும் வெளியதாம்மா.” அவர் யார்டின் இன்ஜினியர். அப்பாவுக்கு அங்கேயும் அவர்தான் மேலதிகாரி.

“வாங்கண்ணா,” என்று உதயா தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தாள். வேறு வழியில்லாமல் அவனும் வந்தான்.

முதல் குழி. அவன் பந்து கருவேலத்தைத் தாண்டிப் பறந்து, கொடியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் எண்ணெய் ஊற்றி இறுக்கிய மணலுக்குப் பக்கத்தில் விழுந்தது. நாலே அடியில் குழிக்குள் போட்டுவிட்டான். கார்டில் இந்தக் குழிக்கு ஏழு என்று இருந்தது.

“இன்னாவோ குருட்டு லக்கு,” என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாவது ஐந்து. மூன்றாவது நாலு. நாமே தப்பாக எண்ணுகிறோமோ என்று உதயாவுக்குக்கூடச் சந்தேகம் வந்தது. நாலாவது குழியில் அவன் உடம்பைத் திருப்பி, பந்தைப் புதருக்குள் அடித்தான்.

“இது வேணும்னே அடிச்சது.”

“இல்ல பாப்பா, கை வழுக்கிகிச்சு.”

“எதுக்குண்ணா இந்த டகுல்பாஜி வேலை? நாளைக்குக் கோப்பையை அள்ளிட்டுப் போகவா?”

“கோப்பைய நீயே வெச்சிக்க. எனக்கு இன்னாத்துக்கு அது?”

“அப்புறம் எதுக்கு மட்டமா ஆடி கார்டு குடுத்தீங்க?”

கமாலுதீன் மட்டையால் மணலைக் கீறினான். “அத்த மட்டும் கேக்காத. என் பேரை வேணா அடிச்சிடு. கேப்டனாண்ட மட்டும் போவாத, உனுக்குப் புண்ணியமா போவும்.”

“போகத்தான் போறேன். உங்களை நம்பி அப்பா கூட்டிட்டு வந்தாரு. அவர் பேரையே கெடுத்துட்டீங்களே!”

அவன் மட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு, “பந்த எடுத்தாறேன்,” என்று புதருக்குள் போனான்.

உதயா போனை எடுத்தாள். அன்பரசனின் நம்பரைத் தொடப் போனபோது, கேட் பக்கமிருந்து அப்பா வருவது தெரிந்தது. நல்லதாகப் போயிற்று, முதலில் அவரிடமே சொல்லிவிடலாம். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? இருபது வருஷமாகக் கூடவே வேலை செய்கிறவனைத் திருட்டு ஆட்டக்காரன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நாலு மணி வெயில் பளீரென்று அடித்தது. கமாலுதீன் இன்னும் புதருக்குள்ளேயே இருந்தான்; மைதானத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. அப்பா நேராக அவளிடம் நடந்து வந்து, பத்தடி தூரத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா கமாலு, தனியா நின்னுகினு கீற? உதயா கெளம்பிட்டாளா? உன் ஆட்டத்த என் கார்டுலயும், என்னுத உன் கார்டுலயும் எழுதிக்கினு வர்றது அவளுக்குத் தெரியலையே?”

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“திங்கக்கெழமலேர்ந்து யார்டுல கை காட்டாதடா, வாக்கி டாக்கில வாயால சொல்லு. கிரேன் மேலேர்ந்து பாத்தா இப்ப உன் கையும் தெரிய மாட்டேங்குது.”