திறந்து கிடந்த கதவு

“உங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் ஏம்மா அழுறாங்க?”

நர்சின் மகள் நாலு வயதில் ஒரு நாள் இப்படிக் கேட்டாள்.

“முதல்ல அம்மா அழுவா. அப்புறம் பாப்பா அழும். பாப்பா அழுததும் அம்மா சிரிச்சிருவா” என்று நர்ஸ் சொல்லிவைத்தாள்.

அன்றிலிருந்து பிரசவ அறைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்வது அவள் வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவள்கூட ஒரு நொடி சிரித்துவிடுவாள். கடவுள் தன் வாயில் வைத்த சின்ன மருந்து அது என்று அவள் நம்பினாள்.

அந்த மதியம் அவள் வேலைக்கு வந்தபோது வார்டே அல்லோலகல்லோலமாக இருந்தது. காலை ஷிப்ட் நர்ஸ் கர்ப்பிணி ஒருத்தியை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். “மூணாம் ரூமைப் பாத்துக்கோ” என்று மட்டும் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

மூன்றாம் அறையின் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, வராந்தாச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அழுக்குத் துணி வண்டியை யாரோ அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

உள்ளே ஒருத்தி கட்டில் கம்பியைப் பிடித்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தனியாக. மூத்த மகளை அக்கா வீட்டில் விட்டுவரக் கணவன் போயிருந்தான்.

கட்டிலின் காலடியில் அவள் கைப்பட எழுதிய தாள் ஒன்று செருகியிருந்தது.

‘வலி தெரியாமலிருக்க ஊசி வேண்டாம். துடிப்புப் பார்க்க வயிற்றில் பெல்ட் கட்ட வேண்டாம். பிறந்தவுடன் என் பையனை என் நெஞ்சில் வையுங்கள்.’

நர்சுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

“ஊசி போடறதாச் சொன்னாங்க சிஸ்டர். மயக்க டாக்டர் வருவாருன்னு…” என்று அவள் முனகினாள்.

“வரட்டும், நான் பேசிக்கறேன். இவ்வளவு ஆசையா எழுதி வச்சிட்டுக் கடைசி நேரத்துல விடலாமா? பையன் நாளைக்குக் கேப்பான்ல, ஏம்மா பயந்துட்டியான்னு?”

அவள் நர்சின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்கிறாளா என்று பார்ப்பது போலிருந்தது. பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க நர்ஸ் கருவியை எடுத்தாள். படுத்திருந்தவள் சட்டென்று நர்சின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் சிஸ்டர். பாத்துட்டாங்க.”

அடுத்த வலி வந்தது. நர்ஸ் அவள் இடுப்பை அமுக்கிவிட்டாள். நெற்றியைத் துடைத்துவிட்டாள். மகள் கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் சொன்னாள்.

அவள் சிரித்தாள். உடனே அழுதாள். வலிதான் என்று நர்ஸ் நினைத்தாள்.

“பையன் யாரு மூக்கு? உன் மூக்கா, அவங்கப்பா மூக்கா?”

“அவங்கப்பா மூக்குதான். ஸ்கேன்ல பாத்தோம்.”

“போச்சு போ! பொறுத்துக்கிறது நீ, பேரு அவருக்கு!”

இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அவள் உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. நகங்கள் நர்சின் முழங்கையில் பதிந்திருந்தன. ஒவ்வொரு வலிக்கும் நர்ஸ், “அவனுக்காகத்தானே, பொறுத்துக்கோம்மா” என்றாள். அவள் ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள்.

மயக்க டாக்டர் வந்ததும் நர்ஸ் வாசலிலேயே மறித்தாள். “அவங்களுக்கு ஊசி வேணாமாம் டாக்டர். தைரியமான பொண்ணு.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியை நகர்த்திக் கதவை இழுத்துச் சாத்தினார்.

கதவின் வெளிப்பக்கத்தில் வெள்ளைப் பூ வரைந்த அட்டை தொங்கியது.

அந்த ஆஸ்பத்திரியில் அந்த அட்டைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. அது தொங்கும் அறைக்குள் ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது. வாழ்த்துச் சொல்லக் கூடாது.

“நேத்து சாயங்காலமே துடிப்பு நின்னுபோச்சு சிஸ்டர்” என்றார் டாக்டர். “அந்தத் தாள் போன மாசம் எழுதினது. ஆபரேஷன் இல்லாம வலியில்லாமப் பெத்துக்கட்டும்னு காலையிலதான் பேசி ஒத்துக்க வச்சோம். தியேட்டர்ல மாட்டிக்கிட்டேன், இல்லேன்னா எப்பவோ வந்திருப்பேன்.”

நர்ஸ் உள்ளே போனாள். கட்டில் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் நர்சின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“உங்களுக்கும் சொல்லிட்டாங்களா?”

நேற்றைக்குப் பிறகு அவள் பையன் உயிரோடிருந்த ஒரே இடம் அந்த நர்சின் பேச்சுதான். அதுவும் இப்போது முடிந்துபோயிற்று.

“சரி. டாக்டரை வரச் சொல்லுங்க. இனிமே எதுக்கு வலி?”

நாலரை மணிக்கு அவன் பிறந்தான். திரும்பி வந்திருந்த கணவன் சுவரைப் பார்த்து நின்றான். நர்ஸ் குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தாள். வெகுநேரம் யாரும் எடுக்கவில்லை.

பெரிய டாக்டர் வந்து கேஸ் தாளைப் புரட்டினார். ஊசி போட ஏன் இவ்வளவு நேரம், யார் நிறுத்தியது என்று கடுமையாகக் கேட்டார். நர்ஸ் வாயைத் திறந்தாள்.

“நான்தான் வேணாம்னேன்” என்றாள் கட்டிலில் கிடந்தவள், கண்ணைத் திறக்காமலே.

பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இருட்டுவதற்கு முன் நர்ஸ் குழந்தையைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனாள். துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அவள் கதவைத் தாழிட்டாள். காற்று வந்த ஜன்னலைச் சாத்தினாள். வெந்நீர்க் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினாள்.

குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி மறு கையின் முழங்கையை நீரில் வைத்துப் பார்த்தாள்.

சூடு கொஞ்சம் அதிகம்.

ஆறும்வரை காத்திருந்தாள்.