தாமோதரனின் மாத்திரை

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போன தாமோதரன் பதினோரு மாதமாகத் திரும்பவில்லை. காப்பீட்டு அட்டை இல்லாத வீடு, அரசு ஆஸ்பத்திரிதான் கதி. வாங்காமல் விட்டால் ஆஸ்பத்திரியில் பேரை அடித்துவிடுவார்கள், வந்த பிறகு மாத்திரைக்கு எங்கே போவார் என்று, மனைவி கோவிந்தம்மா மாதாமாதம் அங்கே போய் அவருடைய பிரஷர் நோட்டைக் காட்டி மாத்திரை வாங்கிவந்தாள்.

இந்த மாதம் நர்ஸ் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாள். "இன்னாக்கா, காலைலயே அவரே வந்து வாங்கிகினு போய்ட்டாரே!"

அவர் கையெழுத்துதான்.

"இளைச்சிட்டாராம்மா?"

"இல்லக்கா. தலைதான் ஈரமா இருந்திச்சு."

அடுத்த மாதம் கோவிந்தம்மா ஆறு மணிக்கே போய் வரிசையில் முதலாவதாக நின்றாள். தனக்குப் பின்னால் தாமோதரனின் செருப்பை வைத்து அவருக்கு இடம் போட்டாள். எட்டு மணிக்கு கவுண்டர் திறந்து வரிசை நகர்ந்தது.

"இன்னா நைனா, நின்னுகினே தூங்குறியா? முன்னால போ!" என்று பின்னாலிருந்து ஒருத்தி அதட்டினாள்.

கோவிந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஓரடி நகர்ந்தாள். செருப்பும் ஓரடி நகரும் சத்தம் கேட்டது.