நடை வேகம்

பட்டாளத்திலிருந்து மகன் ஜெரால்டு லீவில் வரும்போதெல்லாம், ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப்பைச் சூசைமாணிக்கம் அவனோடு சேர்ந்து பழுதுபார்த்தார். மலையேறினாலும் கொதிக்கக் கூடாதென்று ரேடியேட்டரைக்கூட மாற்றியிருந்தார்கள். இன்று அதன் பின்பகுதியில் அவனுடைய சவப்பெட்டி இருந்தது. ஊரே கூட நடந்து வந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

பக்கத்தில் நடந்த மெக்கானிக் தங்கையன் குனிந்தான். “அண்ணாச்சி, இப்படி ஊர்ந்தா காத்துப் படாது, இஞ்சின் போயிரும். கொஞ்சம் வேகமா விடுங்க.”

“எங்கடே வேகமா கொண்டுபோகச் சொல்லுத?”

சூசைமாணிக்கம் இன்னும் மெதுவாக ஓட்டினார். கல்லறைத் தோட்டத்துக்குச் சற்று முன்பே ஆவி கக்கி ஜீப் நின்றுபோனது. ஒரு கணம் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குள் நான்கு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார்கள்.