கதவுப்பிடியில் மஞ்சள்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அம்மை வார்டின் கதவுப்பிடியை ஆயா வீரம்மா எத்தனை தடவை லைசோல் மருந்து போட்டுத் துடைத்தாலும் மஞ்சள் கறை திரும்பிவிடுகிறது. அம்மை இறங்கிய அவள் மகளும் உள்ளே கிடக்கிறாள். வார்டு சுத்தமானால்தான் வீட்டுக்கு விடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இங்க மஞ்சத்தண்ணி ஊத்தக்கூடாதுன்னு ஐயா தலயால அடிச்சுக்கிறாரு. எவடி கைய நனச்சிக்கிட்டு வந்து கதவப் புடிக்கிறது?”

“எங்கள ஏங்க்கா ஏசுறீங்க? எந்திரிக்கவே முடியல” என்றாள் கட்டிலில் கிடந்தவள். “பக்கத்துக் கட்டில் நாகலெட்சுமிதான் தலைக்குத் தண்ணி ஊத்துங்கன்னு கெஞ்சிக்கிட்டே போன வாரம் கண்ண மூடுனா.”

மறுநாளும் கறை. ஈரம்கூடக் காயவில்லை. வீரம்மாவுக்கு அலுத்துவிட்டது. டாக்டருக்குத் தெரியாமல் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டுக் குளியலறையில் வைத்தாள்.

“ஊத்திக்கிட்டுப் போய்த் தொல தாயி. என் இடுப்பு ஒடியுது.”

மதியம் வாளி காலியாக இருந்தது. கதவுப்பிடி பளபளத்தது. நிம்மதியாக மகளை எழுப்பப் போனாள். பிள்ளையின் கூந்தல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“யாருடி ஊத்துனது?”

“நாகு அக்காதாம்மா. மிச்சத்த எனக்கு ஊத்துச்சு.”

முதுகில் ஐந்து மஞ்சள் விரல்கள் பதிந்திருந்தன. லைசோல் துணியை எடுத்த வீரம்மா, அதைக் கீழே போட்டாள். டாக்டரின் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டதும் மகளை முந்தானையால் மூடிக்கொண்டாள்.