பழைய வலி

"இன்னும் வலிக்குதாம்மா?" லாசரஸ் கட்டில்மேல் குனிந்து மகளைக் கேட்டார்.

"வலிக்குதுப்பா," என்றாள் ரூபி.

மறுபக்கம் நின்றிருந்த பிலோமினம்மாள் அதட்டினாள். "கேட்டுக்கிட்டே இருந்தா வலிக்கத்தான் செய்யும். முன்னைக்கு இப்ப தேவலன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டி."

பெற்றவள் மனம் கல்லா என்று லாசரஸுக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ரூபிக்குப் பதினேழு வயது. வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போனது. மாதா கோயிலில் பின்வரிசைப் பெண்கள் அவளுக்குக் 'கொக்கி' என்று பேர் வைத்தார்கள். சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் லாசரஸ் மூட்டையைக் குத்தித் தூக்குகிற கொக்கிதான் அது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், அவள் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நடந்ததைப் பார்த்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனது.

ஆபரேஷன் செய்து நிமிர்த்தலாம் என்று டாக்டர் சொன்னபோது லாசரஸ் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவருடைய தம்பி குடல்வாலுக்கென்று நடந்து உள்ளே போனவன், பெட்டியில்தான் வெளியே வந்தான்.

"அழகுக்காகப் பிள்ளைய வெட்டக் குடுக்க மாட்டேன். ஆண்டவர் குடுத்த உடம்பு, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

ஆனால் பிள்ளைக்கு வலி என்று வந்தபிறகு தகப்பன் வீம்பு எத்தனை நாளைக்கு நிற்கும்? ரூபி பாயில் சுருண்டு சுருண்டு அழுதாள். லாசரஸ் கோடாலித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். இந்த வலி போனால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து முதுகில் பதித்து, கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்துவிட்டார்கள். சிங்கப்பூர் தனி நாடான செய்தியைக்கூட அவள் மல்லாந்து படுத்தபடியே வார்டு ரேடியோவில்தான் கேட்டாள். போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். ரூபி உண்மையிலேயே நிமிர்ந்து நின்றாள். பிலோமினம்மாள் சந்தோஷத்தில் அழுதாள். ரூபி வலியில் அழுதாள்.

டாக்டர் வந்தார். அவர் சீனர். அவர் பேசும் இங்கிலீஷைத் தமிழில் சொல்ல, வார்டில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் சுந்தரம் கூடவே வந்தார்.

"முதுகு நல்லா நிமிர்ந்திருக்குன்னு சொல்றாருண்ணே."

"முதுகு கிடக்கட்டும் ஐயா. வலி போகும்னுதானே நான் கையெழுத்துப் போட்டேன்?"

சுந்தரம் கேட்டுச் சொன்னார். "நிமிர்த்தித் தர்றேன்னுதான் சொன்னாராம். வலிக்கு வாக்குக் குடுக்கலயாம். சில பேருக்குப் போகும், சில பேருக்குப் போகாதுன்னு அப்பவே சொன்னாரு லா. நான்தானே உங்களுக்கு எடுத்துச் சொன்னேன்."

வாஸ்தவம்தான். ஆனால் துடிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்கிற தகப்பன் காதில் 'போகும்' என்பது மட்டும்தானே விழும்?

டாக்டர் ரூபியின் முதுகை விரலால் அழுத்திப் பார்த்து ஏதோ கேட்டார்.

"பழைய வலியேதானா, இல்ல இது புதுசான்னு கேக்குறாரு தங்கச்சி," என்றார் சுந்தரம்.

ரூபி அம்மாவைப் பார்த்தாள். பிலோமினம்மாள் ஜன்னலைப் பார்த்தாள்.

"பழைய வலிதான் ஐயா," என்றார் லாசரஸ். "அதே இடம். தைலம் தேய்ச்ச கை இது, எனக்குத் தெரியாதா?"

அதைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறியது. அவர் சொன்னதைச் சுந்தரம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பழைய வலி அப்படியே இருக்குன்னா, உள்ள எலும்பு சரியா ஒட்டலையோன்னு சந்தேகப்படுறாரு. மறுபடியும் திறந்துதான் பாக்கணுமாம். திரும்ப மாவுக்கட்டு, திரும்பப் படுக்கை."

"வேணாங்க," என்றாள் பிலோமினம்மாள்.

"நீ சும்மா இரு. பிள்ளை துடிக்கிறதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா? இந்த வலி போறதுக்கு எத்தனை தடவ வேணும்னாலும் கையெழுத்துப் போடுவேன்."

சொல்லிவிட்டாரே தவிர, கையெழுத்துப் போடச் சுந்தரத்தின் பின்னால் நடக்கும்போது பெட்டியில் வந்த தம்பியின் முகம் கண்முன் நின்றது. தாளையும் பேனாவையும் நீட்டினார்கள். பேனாவைத் திறந்தவர், வெட்டுப்படப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிப் போடுவது என்று தோன்றவே, அதை மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தாள். லாசரஸ் அதை விலக்கப் போகும்போது உள்ளேயிருந்து மனைவியின் குரல் கிசுகிசுப்பாகக் கேட்டது.

"உன் கால்ல விழுறேன் ரூபி. அப்பா சம்மதிக்கணுமேன்னுதானே வலிக்குதுன்னு அழச் சொன்னேன்? அதான் முதுகு நிமிர்ந்துருச்சே, இன்னும் எதுக்குடி நடிக்கிற?"

"அப்பதாம்மா நடிச்சேன்," என்றாள் ரூபி. "இப்பதான் வலிக்குது."